கையுறை போடுங்கன்னு நான்தான் சொன்னேன்

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற ஆள் இன்னைக்கு லேத் மிஷின் பத்தி எழுதப் போறேன்.

போன வாரம் என் மேசை போட்டோ ஒண்ணு போட்டிருந்தேன். அதுல ஒரு பேனா. பாதி வேப்பமரம், பாதி கண்ணாடி மாதிரி நீலம், அந்த நீலத்துக்குள்ள சின்னச் சின்னதா கலர் வட்டங்கள். "டாக்டர், எங்க வாங்குனீங்க, லிங்க் குடுங்க"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. லிங்க் இல்லீங்க. நானே கடைஞ்சது. வேப்பங்கட்டையோட ரெசினைச் சேத்து ஊத்தி, உள்ளே என் பொண்ணு தேஞ்சதுன்னு தூக்கிப் போட்ட கலர் பென்சில் துண்டுகளைப் போட்டு, லேத்துல கடைஞ்சு எடுத்தது.

எப்படிப் பண்றதுன்னு எழுதுங்கன்னும் கேட்டீங்க. எழுதறேன். ஆனா எங்க கத்துக்கிட்டேன், ஏன் கத்துக்கிட்டேன்னு சொல்லாம செய்முறையை மட்டும் எழுதினா அது நேர்மையா இருக்காது. அதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா வீட்டுலயும் நெருங்கின நண்பர்கள் சிலர்கிட்டயும் மட்டும் சொன்னது.

சம்பந்தப்பட்டவர்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகுதான் எழுதறேன். பேர், ஊர் வேண்டாம். நெல்லைப் பக்கம் எல்லாரும் கூப்பிடுற மாதிரி அண்ணாச்சின்னே வச்சுக்குவோம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், அரசுப் பணிக்காக அங்க போனவன். அந்த ஊர் வார்த்தைகள் எனக்கு அப்ப பாதிதான் புரியும்.

ஒரு திங்கட்கிழமை ஓ.பி. அரசு ஆஸ்பத்திரியில திங்கட்கிழமை எப்படி இருக்கும்னு வந்தவங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைக் காய்ச்சலும் சேந்து வந்து வரிசையில நிக்கும். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம்.

ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் வந்து உக்காந்து, ரெண்டு கையையும் மேசை மேல விரிச்சு வச்சார். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் வெடிச்சு, ஓரத்துல பொடிப்பொடியா நீர்க்கொப்புளம்.

"அரிப்பு தாங்கல சார். ராத்திரி தூக்கமே இல்ல."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கடைசல்ல சார்."

வெளியே வரிசையில ஏதோ சண்டை. மேலே ஃபேன் சத்தம். நான் சீட்டைப் பாத்து எழுதிக்கிட்டே கேட்டேன். என் காதுல விழுந்தது "கடையில சார்". கடைசல்னு ஒரு வார்த்தை இருக்கிறதே எனக்கு அப்பத் தெரியாது.

"கையில கெமிக்கல் ஏதாவது படுதா?"

"இப்ப ஆறு மாசமா பசை மாதிரி ஒண்ணு ஊத்துதோம் சார். அதுக்கப்புறந்தான் இப்படி."

பெயின்ட் கடையோ ஹார்டுவேர் கடையோன்னு நானே மனசுக்குள்ள ஒரு கடையைத் திறந்து அவரை அதுல உக்கார வச்சுட்டேன். அலர்ஜின்னு முடிவு பண்ணி, களிம்பு, அரிப்புக்கு மாத்திரை எழுதினேன். "வேலை பாக்கும்போது கையுறை போடணும். மறக்கவே கூடாது"ன்னு அழுத்திச் சொன்னேன். தலையாட்டிட்டுப் போனார். நோய் என்னன்னு கண்டுபிடிச்சது சரி. எழுதின மருந்தும் சரி. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அஞ்சு வாரம் கழிச்சு ஒரு நைட் ட்யூட்டி. பத்தரை மணி இருக்கும். ஆட்டோவுல ஒருத்தரை இறக்கினாங்க. வலது கையைச் சேலைத் துணியில சுத்தியிருந்தாங்க, துணி முழுக்க ரத்தம். கூட வந்த பையன் கையில ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள்ள ஐஸ் கட்டி. ஐஸ் கட்டிக்குள்ள வெள்ளை நூல் கையுறையோட ஒரு விரல்.

ஆட்காட்டி விரல். நடு மூட்டுக்கிட்டயே போயிருந்தது. வெட்டின மாதிரி இல்ல, பிடுங்கின மாதிரி. தோலும் நரம்பும் இழுத்துக்கிட்டு வந்திருந்தது. வெட்டுப்பட்ட விரலைச் சேர்க்கிறதை விட, இப்படிப் பிடுங்கின விரலைச் சேர்க்கிறது ரொம்பக் கஷ்டம். ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள்ள நெடுக நஞ்சு போயிருக்கும்.

கட்டுப் போடும்போதுதான் முகத்தைப் பாத்தேன். அவரும் பாத்தார். கோபமா சொல்லல, ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார்:

"நீங்க சொன்ன மாதிரி போட்டுத்தான் இருந்தேன் சார்."

எனக்கு அப்பவும் முழுசாப் புரியல. 108-ல ஏத்தி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பின பிறகு அந்தப் பையன்கிட்ட கேட்டேன். "தம்பி, கடையில என்ன மிஷின்?" அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "கடை இல்ல சார். கடைசல். லேத்து."

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, டாக்டரா ஒரு விஷயம் சொல்லிடறேன். விரல் துண்டாச்சுன்னா அதை நேரா ஐஸ்ல போடக் கூடாது. ஐஸ் நேரடியாப் பட்டா சதை உறைஞ்சு கெட்டுப் போகும். சுத்தமான தண்ணியில மெதுவா அலசி, ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயைக் கட்டணும். அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணிக்குள்ள வைக்கணும். அடிபட்ட கையைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, நெஞ்சுக்கு மேல உயர்த்தி வச்சுக்கிட்டு வாங்க. அண்ணாச்சிக்கு இதைச் சரியா செஞ்சிருந்தாலும் சேத்திருக்க முடியுமான்னு சந்தேகம்தான். அங்க விரல் முனையை மூடித் தையல் போட்டு அனுப்பினாங்க.

விடிஞ்சதும் குவார்ட்டர்ஸுக்குப் போய் ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். லேத் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துதுன்னு வைங்க. ஒரு செகண்டுக்கு 25 சுத்து. சுத்துற தண்டு ஒரு அங்குலக் கனம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். அதோட சுற்றளவு கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர். அப்ப அதுல ஒரு நூல் மாட்டினா ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 2 மீட்டர் சுத்திடும். "ஐயோ மாட்டிக்கிச்சு"ன்னு மூளைக்குத் தெரிஞ்சு கையை இழுக்க நமக்குக் குறைஞ்சது 0.2 செகண்ட் ஆகும். அதுக்குள்ள 40 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். உங்க விரல் நுனியிலேருந்து அளந்து பாருங்க, முழங்கைக்கிட்ட வரும்.

வெறும் விரல் சுத்துற மரத்துல பட்டா பெரும்பாலும் தோல் உரியும், தள்ளி விடும். நூல் கையுறை பட்டா அது விடாது, இழுக்கும். ஆஸ்பத்திரியில என்னைக் காப்பாத்துற பொருள் அங்க ஆளைத் தின்கிற பொருள். லேத் பக்கத்துல நிக்கிற யாருக்கும் இது முதல் நாள் பாடம். எனக்குத் தெரியல. தெரியாததை விட மோசம், தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.

எம்.பி.பி.எஸ். மூணாவது வருஷத்துல சமூக மருத்துவப் பாடத்துல ஒரு மார்க் கேள்வி வரும். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை யார்? விடை: பெர்னார்டினோ ரமஸினி, இத்தாலிக்காரர். 1700-ல தொழிலாளர் நோய்கள் பத்தித் தனிப் புத்தகமே எழுதினார். நோயாளிகிட்ட மத்ததெல்லாம் கேக்குற வைத்தியர் "நீ என்ன தொழில் செய்றே?"ங்கிறதையும் சேத்துக் கேக்கணும்னு அதுல சொன்னவர். அந்த ஒரு மார்க்கை நான் வாங்கியிருக்கேன். அன்னைக்கு ஓ.பி.யில அந்தக் கேள்வியைக் கேக்கவும் செஞ்சேன். பதிலைத்தான் கேக்கல.

ஒன்றரை மாசம் கழிச்சு பட்டறைக்குப் போனேன். போகாம இருக்க நாப்பது காரணம் சொல்லிப் பாத்தேன். கூட வேலை பாக்குற சீனியர் ஒருத்தர் "போகாதே, எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும், நாளைக்குக் கேஸ் போட்டா?"ன்னு சொன்னார். அவர் சொன்னதும் ஒரு அக்கறையில்தான். ஆனாலும் போனேன்.

ஓட்டு வீடு, முன்னாடி தாழ்வாரத்துல பட்டறை. ரெண்டு லேத். தரையெல்லாம் மரச்சுருள். மூலையில மூட்டை மூட்டையா சொப்புச் சாமான். குட்டி அம்மி, குட்டி ஆட்டுக்கல், குடம், உரல், உலக்கை. அம்பாசமுத்திரம் மரச்சொப்பு பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த வகை வேலைதான் இவங்க குடும்பத் தொழில்.

"அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. என்ன வேலைன்னு சரியா காதுல வாங்காம சொல்லிட்டேன்"னேன்.

அவர் கையைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "தெரியும் சார். எங்கப்பா தோள்ல துண்டு போட்டுக்கிட்டு பட்டறைக்குள்ள வர விடமாட்டாவ. மோதிரம் கூடாது, கையில கயிறு கூடாது, சட்டைக் கையை மடிச்சு விடணும். பத்து வயசுலேருந்து தெரியும். ஆனா டாக்டர் சொல்லுதாவளேன்னு போட்டேன்."

இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. நாலு தலைமுறையா வந்த அறிவை, ரெண்டு நிமிஷம் பாத்த ஒருத்தன் சொன்னான்னு ஒதுக்கி வச்சிருக்கார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் போட்டாங்க. "இப்ப வந்து சொன்னா வெரலு முளைச்சிருமாக்கும்?" அண்ணாச்சி அவங்களை அடக்கினார். அந்தக்கா இன்னைக்கும் என்கிட்ட அளவாத்தான் பேசுவாங்க. மூணு மாசம் ஒரு ரூபா வருமானம் இல்லாம அந்த வீட்டை ஓட்டினவங்க அவங்கதான். அவங்க கோபத்துல நியாயம் இருக்கு.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "மன்னாப்பெல்லாம் வேண்டாம் சார். நேரம் கெடைச்சா ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க, நாங்க என்ன வேலை பாக்கோம்னு." அவர் சும்மா மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். நான் அடுத்த ஞாயிறே போய் உக்காந்துட்டேன். அப்படி ஆரம்பிச்சது, மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு வழக்கமாயிடுச்சு.

கடைசல்ங்கிற வார்த்தையை அங்கதான் கத்துக்கிட்டேன். மோர் கடையறோம், கீரை கடையறோம், அதே கடையறதுதான். அவர் தாத்தா காலத்து லேத்துக்கு மோட்டார் கிடையாது. மத்துல கயிறு சுத்தி இழுக்கிற மாதிரியே மரத்தண்டுல கயிறு சுத்தி ஒருத்தர் மாத்தி மாத்தி இழுப்பாங்க. மரம் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் சுத்தும். நம்ம பக்கம் சுத்தி வரும்போது மட்டும் உளி வைக்கணும், திரும்பும்போது உளியைப் பின்வாங்கணும். கயிறு இழுக்கிறது பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்கதானாம். கடைஞ்சவர் பேர்தான் வெளியே தெரியும்.

சொப்புக்கு அந்தக் காலத்துல மஞ்சக்கடம்பு மரம். நுண்ணிய ரேகை, கடைய வெண்ணெய் மாதிரி வரும்னு சொல்வார். இப்ப கிடைக்கிறது குறைவு. கலருக்குப் பிரஷ்ஷே கிடையாது. அரக்குக் கட்டையைச் சுத்துற மரத்து மேல அழுத்தினா உரசுற சூட்டுலயே உருகிப் பூசிக்கும். தாழை மடலை வச்சு அழுத்தினா பளபளன்னு ஆயிடும். முதல் தடவை பாத்தப்ப மேஜிக் மாதிரி இருந்தது.

அப்புறம் ஏன் ரெசின்? சொப்பு வாங்குற ஆள் குறைஞ்சுட்டாங்க. சந்தையில பிளாஸ்டிக் செட் மலிவா கிடைக்குது. அவர் தங்கச்சி மகன்தான் (டம்ளரோட வந்தானே, அதே பையன்) மொபைல்ல வெளிநாட்டு வீடியோ காட்டி, "மாமா, இது மாதிரி பண்ணுவோம், நல்ல விலைக்குப் போகும்"னு ஆரம்பிச்சு வச்சான். அது போகவும் செய்யுது. அதனால "ரெசினை விட்டுடுங்க"ன்னு நான் சொன்னா அது இன்னொரு ரெண்டு நிமிஷ வைத்தியம். எப்படிப் பாதுகாப்பாப் பண்றதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம்.

எபாக்ஸி ரெசின் ரெண்டு பாட்டிலா வரும். ஒண்ணு ரெசின், இன்னொண்ணு ஹார்டனர். கலந்தாத்தான் இறுகும். இறுகுறதுக்கு முன்னாடி இருக்கிற திரவம்தான் தோலுக்கு வில்லன். திரும்பத் திரும்பப் பட்டா சிலருக்கு உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். அப்புறம் துளி பட்டாலும் கொப்புளம் வரும், சிலருக்கு ஆவி பட்டே கண் இமை வீங்கும். பெரும்பாலும் அந்த அலர்ஜி ஆயுசுக்கும் போகாது. இங்கதான் கையுறை வேணும், கலக்கும்போதும் ஊத்தும்போதும். துணிக் கையுறை வேண்டாம், அது ஊறி தோல்லயே ஒட்ட வைக்கும். லேட்டக்ஸும் இதுக்குச் சரியில்ல. நைட்ரைல் போடுங்க, பட்டுச்சுன்னா உடனே மாத்துங்க. கையில பட்டா தின்னர், அசிட்டோன் போட்டுக் கழுவாதீங்க, அது ரெசினைத் தோலுக்குள்ள இன்னும் ஏத்தும். சோப்பும் தண்ணியும் போதும். ஊத்தி முடிச்சதும் கையுறையைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டுத்தான் லேத் பக்கம் வரணும். இப்ப பட்டறைச் சுவத்துல கரித்துண்டால எழுதியிருக்கு: "ஊத்தும்போது கையுறை. கடையும்போது வெறுங்கை." எழுதினது அண்ணாச்சி, இடது கையால.

இனி நீங்க கேட்ட செய்முறை.

என் முதல் கிண்ணம் மாமனார் வீட்டு வேப்பமரக் கிளையில. பச்சை மரம். ஆசையாக் கடைஞ்சு ஷோகேஸ்ல வச்சேன். பத்து நாள்ல டப்புன்னு ஒரு சத்தம், கிண்ணம் ரெண்டு இடத்துல வெடிச்சுருச்சு. பச்சை மரத்தை முதல்ல தடிமனா, உத்தேசமாத்தான் கடையணும். முனைகள்ல மெழுகு தடவி நிழல்ல வாரக்கணக்கா போட்டு வச்சு, காஞ்ச பிறகு மறுபடி மாட்டி முடிக்கணும். இதைச் சொன்னா நான் கேக்க மாட்டேன்னுதான் அண்ணாச்சி வெடிக்கட்டும்னு விட்டிருக்கார்.

அந்த வெடிப்புலதான் முதல் ரெசினை ஊத்தினேன். ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் இறுகும்னு நினைச்சேன். இல்லவே இல்ல. எபாக்ஸியில ரெண்டும் கணக்கா ஒண்ணோட ஒண்ணு சேரணும். எது கூடினாலும் மிச்சம் அப்படியே பிசுபிசுன்னு கிடக்கும். பாட்டில்ல 2:1-ன்னு போட்டிருந்தா அது எடையா, கொள்ளளவான்னு பாருங்க, ரெண்டும் வேற. இன்னொண்ணு, கலந்த ரெசினை டம்ளர்ல மொத்தமா ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க. இறுகும்போது சூடு கிளம்பும், மொத்தமா இருந்தா சூடு வெளியே போக வழி இல்லாம புகையே வரும். என் பிளாஸ்டிக் கப் ஒண்ணு அப்படியே குழைஞ்சு உக்காந்துருச்சு. கனமான பொருள்னா அடுக்கடுக்கா ஊத்துங்க.

ஈர மரத்துல ஊத்தினா நுரைக்கும். மரத்தோட நுண்துளைக் காத்து குமிழா வந்து நிக்கும். வெளிநாட்டுக்காரங்க இதுக்கு பிரஷர் பாட் வச்சிருக்காங்க. எங்க பட்டறையில அந்த வசதி இல்ல. மரத்து மேல முதல்ல மெலிசா ஒரு கோட் தடவி இறுக விட்டு, அப்புறம் நூல் மாதிரி மெதுவா ஊத்தினா பாதிக் குமிழ் குறையும். மீதிப் பாதி அழகுன்னு சொல்லிச் சமாளிக்கலாம்.

பென்சில் விஷயத்துக்கு வர்றேன். கலர் பென்சிலை நெடுக்க வச்சு ஊத்திக் கடைஞ்சா கோடு கோடா வரும். துண்டு துண்டா வெட்டிக் குறுக்கே அடுக்கினா வட்டம் வட்டமா வரும். என் பேனா ரெண்டாவது வகை. நடுவுல துளை போட்டுப் பித்தளைக் குழாய் ஒட்டணும், ரீஃபில் அதுக்குள்ளதான் போகும். ரெண்டு மூணு நாள் நல்லா இறுகின பிறகுதான் லேத்துல மாட்டணும். உளி கூர்மையா இருக்கணும், அவசரப்பட்டு அழுத்தினா ஓரம் சிதறும். சரியா வெட்டினா ரெசின் ரிப்பன் மாதிரி சுருண்டு வரும், தண்டுல சுத்திக்கும். அதைச் சுத்தும்போதே கையால இழுத்து எடுக்கத் தோணும். எடுக்காதீங்க. மிஷினை நிறுத்திட்டு எடுங்க. கடைசியில தண்ணி தொட்டு உப்புத்தாள் போடுங்க, நம்பர் 400-ல ஆரம்பிச்சு 2000 வரைக்கும். தண்ணி தொட்டா தூசியும் பறக்காது, ரெசினும் சூடாகாது.

வேற என்னென்ன போடலாம்? சட்டை பட்டன், காப்பிக் கொட்டை, மக்காச்சோளக் கதிரோட சக்கை (தேன்கூடு மாதிரி வரும், எனக்கு ரொம்பப் பிடிச்சது), தேங்காய்ச் சிரட்டை, பழைய காலண்டர் தாளைச் சுருட்டினது. பிளாஸ்டிக் வளையல் நல்லா வரும். கண்ணாடி வளையல் வேண்டாம், உளி முனையும் போகும், சில்லும் பறக்கும்.

குன்றிமணியைப் பாத்தா யாருக்கும் ரெசின்ல போட ஆசை வரும், அந்தச் சிவப்பும் கறுப்பும் அப்படி. போடவே போடாதீங்க. அதுக்குள்ள இருக்கிற அப்ரின் கடுமையான விஷம். மேல் ஓடு முழுசா இருக்கிற வரைக்கும் அடங்கி இருக்கும். ஓட்டை உடைச்சுத் தூளாக்கினாத்தான் ஆபத்து, லேத் செய்யறது அந்த வேலையைத்தான். அதுக்குப் பதிலா பல்லாங்குழிக்கு வச்சிருக்கிற மஞ்சாடி விதையைப் போடுங்க. அரளிக் கட்டையில கரண்டி, கிண்ணம் எதுவும் கடையாதீங்க, அதுல விஷமில்லாத பாகமே கிடையாது.

ஆஸ்பத்திரியில மருந்து குப்பிகளோட மூடி கலர் கலரா வருமே, அதைப் போடலாமேன்னு ஒரு சிஸ்டர் கேட்டாங்க. எனக்கும் கை அரிச்சது உண்மை. ஆனா அது உயிரி மருத்துவக் கழிவு, 2016 விதிகள்படி அதுக்குன்னு இருக்கிற தொட்டிக்குத்தான் போகணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பழக்கம் மூடியோட நிக்காது.

சூப்பர் க்ளூவை பாலிஷா போடுறவங்க கவனிங்க. பருத்தித் துணியில அது கொட்டினா வேகமா வினைபுரிஞ்சு கொதிக்கிற அளவு சூடாகும். லுங்கியில கொட்டி, தொடையில தீக்காயத்தோட வந்தவரை நானே பாத்திருக்கேன்.

தூசி பத்தி ஒரு கதை இருக்கு. இங்கிலாந்துல ஹை வைகோம்ப்னு ஒரு ஊர். நாற்காலிக்குப் பேர் போன ஊர், சுத்து வட்டாரக் காட்டுக்குள்ளயே கால்மிதி லேத் வச்சு நாற்காலிக் கால் கடையறவங்க தலைமுறை தலைமுறையா இருந்தாங்க. அந்த ஊர்ல எஸ்மி ஹாட்ஃபீல்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். ரொம்ப அபூர்வமான ஒரு மூக்குப் புற்றுநோய் தன்கிட்ட அடிக்கடி வருதேன்னு கவனிச்சார். வந்தவங்க பெரும்பாலும் மர நாற்காலித் தொழில்காரங்க. 1960-கள்ல அவரும் மத்த மருத்துவர்களும் சேந்து மரத்தூசிக்கும் அந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியே கொண்டு வந்தாங்க. 1995-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியை உறுதியான புற்றுக்காரணிகள் பட்டியல்ல போட்டது. வரிசையில உக்காந்திருந்தவங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு அவர் காது குடுத்திருக்கார். இந்தக் கதையைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல. கொரோனா சமயத்துல வாங்கின என்-95 வீட்டுல சும்மா கிடந்தா லேத்துக்குப் போட்டுக்குங்க. அதோட வார் தொங்காம இருக்கணும்.

இப்ப நான் அதிகமாக் கடையறது பேனா இல்ல, கரண்டிப் பிடி. பக்கவாதம் வந்து கை பிடிமானம் குறைஞ்சவங்களுக்கும், மூட்டுவாதத்துல விரல் கோணினவங்களுக்கும் மெல்லிய கரண்டி கையில நிக்காது. பிடி மூணு சென்டிமீட்டர் கனமா இருந்தா பிடிக்க வரும். பட்டறையில மிச்சமான மரம், மிச்சமான ரெசின், அதுக்குள்ள அவங்க வீட்டுப் பட்டன் ஏதாவது. ஒரு பாட்டி தன் பழைய ரவிக்கை ஊக்குகளைக் குடுத்து உள்ளே போடச் சொன்னாங்க. எஃகு உளியைக் கெடுத்துடும்னு சொல்ல மனசு வரல. விளிம்புக்கு வராம நல்லா ஆழத்துல புதைச்சு ஊத்தினேன்.

அண்ணாச்சிக்கும் அதே பிரச்சினைதான். ஆட்காட்டி விரல் இல்லாம உளிப்பிடி கையில நழுவுது. துணி சுத்திப் பாத்தார், சைக்கிள் டியூப் சுத்திப் பாத்தார். வெளியே சொல்ல மாட்டார். ஒரு நாள் மூலையில இருந்த மூட்டையிலேருந்து அவர் அப்பா கடைஞ்சு, கழிச்சுக் கட்டின சொப்பு கொஞ்சம் கேட்டு வாங்கிக்கிட்டேன். விரிசல் விட்ட குடம், மூக்கு உடைஞ்ச செம்பு, ஒரு உரல். எதுக்குன்னு அவரும் கேக்கல. உளி இறங்குற முன்பக்கத்துக்குப் புளியமரம், உலக்கைக்குப் போடுற உறுதியான கட்டை. பின்பக்கம் பிடிக்கிற இடத்துல சொப்புகளை அடுக்கிக் கறுப்பு ரெசின் ஊத்தினேன். மூணு ஞாயிறு ஆச்சு. கடையக் கடைய ஒவ்வொரு சொப்பும் குறுக்கே அறுபட்டு, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா அரக்கு வளையங்கள் வெளியே வந்தது. நடுவிரல் போய் உக்கார ஒரு பள்ளம், கட்டைவிரலுக்கு ஒரு மேடு.

உளி மாட்டறதுக்கு முன்னாடி அவர் கையில குடுத்தேன். பிடிச்சுப் பாத்தார். திருப்பிப் பாத்தார். அந்தக்கா அடுக்களையிலேருந்து எட்டிப் பாத்துட்டு உள்ளே போயிட்டாங்க.

"கழுத்துக்கிட்ட ரெண்டு நூல் கனம் கூடிப்போச்சு சார்"னார்.

சொல்லிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காம லேத்துல மாட்டினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுக்கிட்டார். நாலு விரலால பழைய உளியைப் பிடிச்சு, ஒரே இழுப்புல அந்த இடத்தை இறக்கினார். மூணு ஞாயிறு பாத்துப் பாத்து நான் வெளியே கொண்டு வந்த ஒரு செம்போட சிவப்பு வளையம் சுருளாக் கழண்டு தரையில விழுந்தது.

"அண்ணாச்சி, அது உங்கப்பா கடைஞ்ச செம்புல்லா?"ன்னேன். அவங்க ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கிச்சு.

அவர் மிஷினை நிறுத்தி, கட்டைவிரலால அந்த இடத்தைத் தடவிப் பாத்தார்.

"அடியில இன்னொண்ணு கெடக்கும்லா சார்"னார்.